பிபார் காமா படிகத்தில் ஒரே புரதத்துக்கு இரண்டு உருவங்கள்: எதை எடுத்துக்கொள்வது?

குளுகோர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் மருந்தியல் முதுகலை படித்து வருகிறேன். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்காக, மனித அணுக்கரு ஏற்பிகளுள் (ஹார்மோனோ மருந்தோ வந்து பற்றியதும் மரபணுக்களை இயக்கும் புரதங்கள்) ஒன்றான பிபார் காமாவின் படிக அமைப்பைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர். காலைப் பசியாறலுக்குப் பின் அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று பயோகிளிட்டசோன். அந்த மாத்திரை உடலுக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும் இடத்தை அணு அணுவாகப் பார்க்க முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு தலைப்பில் மனம் செல்லவில்லை.

நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். மனித மரபணுத்தொகுதியில் இத்தகைய ஏற்பிகள் 48 உள்ளன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி ஒன்றும், ஹார்மோனையோ மருந்தையோ பிடிக்கும் பகுதி ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. பிபார் காமாவில் மருந்தைப் பிடிக்கும் பகுதி சுமார் 270 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் ஆல்பா சுருள்கள் மூன்று அடுக்குகளாக அடுக்கப்பட்டு, கீழ்ப்பாதியில் ஒரு பெரிய குழியை விட்டுவைத்திருக்கின்றன. புரதத்தின் வால்நுனியில் உள்ள குட்டையான பன்னிரண்டாம் சுருள்தான் அந்தக் குழியின் கதவு என்றும், மருந்து உள்ளே வந்ததும் கதவு மூடிக்கொள்கிறது என்றும், மூடிய கதவின் வெளிப்புறத்தில் உருவாகும் பள்ளத்தில் துணையூக்கிப் புரதம் வந்து உட்கார்ந்த பிறகே மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது என்றும் பாடநூலில் படித்தேன்.

என் குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1998இல் வெளியான, மருந்து ஏதும் இல்லாத படிக அமைப்பைப் புரதத் தரவு வங்கியிலிருந்து இறக்கித் திறந்தேன். அதன் குறியீடு 1பிஆர்ஜி, பிரிதிறன் 2.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அதில் ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகள், ஏ சங்கிலி, பி சங்கிலி என்று ஜோடியாக நிற்கின்றன. ஏ சங்கிலியில் குழிக்குள் மருந்தே இல்லை. ஆனாலும் பன்னிரண்டாம் சுருள் கதவு மூடிய நிலையில் இருக்கிறது. பி சங்கிலியில் அதே சுருள் தன் இடத்தை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

மருந்து இல்லாமலே கதவு மூடுமென்றால், அப்பா விழுங்கும் மாத்திரைக்கு அங்கே என்ன வேலை? ஒரே கரைசலில் இருந்து ஒரே படிகத்துக்குள் வந்த ஒரே புரதம் எப்படி இரண்டு விதமாக நிற்க முடியும்? எங்கள் வாசிப்புக் குழுவில், பி சங்கிலி கெட்டுப்போன பிரதி என்று சொல்லி அதை அழித்துவிட்டு, ஏ சங்கிலியை மட்டும் வைத்துக் கணினியில் மருந்துப் பொருத்தம், அதாவது மருந்து குழிக்குள் எப்படி அமரும் என்று, பார்க்கிறார்கள். அது முறைதானா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாயான் லெப்பாஸ் படிக ஆய்வர் எழுதியது:

வணக்கம் தங்கை. கோப்பைத் திறந்து இரண்டு சங்கிலிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரையில் அச்சான படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது, ஏனென்றால் படத்தில் பெரும்பாலும் ஏ சங்கிலி மட்டுமே இருக்கும்.

கதவு என்ற உவமை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1995இல் பிரான்சின் ஸ்த்ராஸ்பூர் நகர ஆய்வாளர்கள் இரண்டு அமைப்புகளை வெளியிட்டார்கள். ஒன்று ஹார்மோன் இல்லாத ஆர்எக்ஸ்ஆர் ஆல்பா என்னும் அணுக்கரு ஏற்பி. அதில் பன்னிரண்டாம் சுருள் உடலை விட்டு வெளியே நீண்டிருந்தது. மற்றொன்று ரெட்டினாயிக் அமிலத்தோடு இருந்த ஆர்ஏஆர் காமா என்னும் ஏற்பி. அதில் அதே சுருள் மடங்கி வந்து குழியை அடைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எலிப்பொறி என்ற கருத்து, அதாவது ஹார்மோன் உள்ளே வந்ததும் கதவு பொறி போல மூடிக்கொள்கிறது என்பது, பிறந்தது. அது அந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த ஊகம். ஆனால் ஒப்பிடப்பட்டவை இரண்டு வெவ்வேறு ஏற்பிகள் என்பதையும், திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் ஒவ்வொரு படிகமே சான்று என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பாடநூல்கள் அந்த ஊகத்தை 48 ஏற்பிகளுக்கும் பொது விதியாக்கிவிட்டன.

இனி உங்கள் படிகத்துக்கு வருகிறேன். கோப்பில் நீங்கள் காணும் ஜோடி தனியாக வெட்டவெளியில் நிற்பதில்லை. படிகம் என்பது அதே ஜோடி முன்னும் பின்னும், மேலும் கீழும், கோடிக்கணக்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட சுவர். கோப்பில் ஒரு செங்கல்தான் எழுதப்பட்டிருக்கும். அண்டைச் செங்கற்களை நாம்தான் சமச்சீர் விதியைக் கொண்டு வரவழைக்க வேண்டும். மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் மென்பொருள்களான பைமோலிலோ கைமெராவிலோ, பி சங்கிலியின் கடைசிப் பதினைந்து அமினோ அமிலங்களைச் சுற்றி 5 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் வரும் அண்டை மூலக்கூறுகளை உருவாக்குங்கள். இதை இன்றே செய்து பாருங்கள். பி சங்கிலியின் பன்னிரண்டாம் சுருள் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, அடுத்த ஜோடியின் ஏ சங்கிலியில், துணையூக்கி வந்து உட்கார வேண்டிய அதே பள்ளத்துக்குள் போய்ப் படுத்திருக்கிறது என்பதைக் காண்பீர்கள்.

இதை ஒரு நிமிடம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பி சங்கிலியின் வால் விலகி நிற்பதற்கு அண்டை மூலக்கூறு காரணம் என்பது ஒரு பாதி. மறு பாதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஏ சங்கிலியின் பள்ளத்தில் ஒரு சுருள் வந்து உட்கார்ந்திருப்பதால், துணையூக்கி வந்து பிடித்துக்கொண்டதைப் போலவே ஏ சங்கிலியின் கதவு மூடிய நிலையில் தாங்கப்படுகிறது. ஆகவே பி சங்கிலி கெட்டது, ஏ சங்கிலி நல்லது என்று பிரிப்பதற்கு இந்தப் படிகத்தில் இடமே இல்லை. இரண்டையும் ஒரே அண்டைத் தொடர்புதான் அப்படி நிற்க வைத்திருக்கிறது. இந்தப் புரதத்தின் மருந்தோடு சேர்ந்த படிகங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். அங்கும் பி சங்கிலி விலகியே நிற்கும். மருந்தின் குணத்தால்தான் அது விலகியது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க 2பிஆர்ஜி என்ற கோப்பைத் திறங்கள். அதே 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் வந்ததுதான். பிரிதிறன் 2.3 ஆங்ஸ்ட்ராம். அதில் அப்பாவின் மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோனும், எஸ்ஆர்சி-1 என்னும் துணையூக்கியின் 88 அமினோ அமிலத் துண்டு ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. அந்தத் துண்டில் லூசின், ஏதேனும் இரண்டு, மீண்டும் லூசின், லூசின் என்ற வரிசை இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று ஏ சங்கிலியிலும் மற்றொன்று பி சங்கிலியிலும் உட்கார்ந்திருக்க, இரண்டு கதவுகளும் ஒரே மாதிரி மூடியிருக்கின்றன. பள்ளத்தின் ஒரு முனையில் லைசின் 301, மறு முனையில் குளூட்டமேட் 471. இரண்டு மின்னூட்டங்களும் இடுக்கி போல அந்தச் சிறு சுருளின் இரு நுனிகளையும் பிடித்துக்கொள்வதை அருகில் வைத்துப் பாருங்கள். குளூட்டமேட் 471 பன்னிரண்டாம் சுருளிலேயே இருப்பதால், கதவு சரியான இடத்துக்கு வராமல் இந்த இடுக்கி அமையாது.

மாத்திரைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ரோசிகிளிட்டசோனின் தலைப்பகுதி செரின் 289, ஹிஸ்டிடின் 323, ஹிஸ்டிடின் 449, டைரோசின் 473 ஆகியவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டிருக்கிறது. இவற்றுள் டைரோசின் 473 பன்னிரண்டாம் சுருளைச் சேர்ந்தது. மருந்து கதவை அடித்துச் சாத்துவதாக நினைக்க வேண்டாம். ஏற்கெனவே அவ்வப்போது மூடிக்கொள்ளும் கதவுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுவதாக நினைத்தால் படிகத்தில் காண்பதற்கு நெருக்கமாக இருக்கும். குழியின் கொள்ளளவு சுமார் 1,300 கன ஆங்ஸ்ட்ராம். மருந்து அதில் ஏறக்குறைய 40 சதவீதத்தையே நிரப்புகிறது. இவ்வளவு பெரிய குழிக்குள் அந்த நான்கு பிணைப்புகள்தான் அதை இடம் பிசகாமல் நிறுத்துகின்றன.

அமினோ அமில எண்களில் ஓர் எச்சரிக்கை. நான் தந்தவை 477 அமினோ அமிலங்கள் கொண்ட காமா-1 வடிவத்துக்குரியவை. காமா-2 வடிவத்தில் தொடக்கத்தில் 28 கூடுதலாக இருப்பதால் அதே டைரோசின் அங்கே 501 ஆகிவிடும். இரண்டையும் கலந்து எழுதிய ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

நான் சொன்னதை மட்டும் நம்பி எழுத வேண்டாம், எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தையும் இறக்கிப் பாருங்கள். எக்ஸ்-கதிர் நமக்குக் காட்டுவது அந்த அடர்த்தியைத்தான். சுருளும் நாடாவும் நாம் அதற்குள் பொருத்தியவை. அடர்த்தி மங்கலாக இருக்கும் இடத்திலும் நாடா அழகாகத்தான் வரையப்பட்டிருக்கும். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் இதை நேரில் கற்றேன். நம் ஊர்க் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியும். மயிரிழை நைலான் வளையத்தில் படிகத்தை அள்ளித் திரவ நைட்ரஜனில் தோய்ப்பதற்குள், வளையத்தின் ஓரத்தில் வெண்பனி கட்டிவிடும். அந்தப் படிகங்களை மெல்பர்ன் சின்க்ரோட்ரான் என்னும் வலிமையான எக்ஸ்-கதிர் நிலையத்துக்கு அனுப்பிக் கதிரில் வைத்தபோது, புரதத்தால் சிதறிய கதிர்களின் புள்ளிகளுக்கு நடுவே 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடங்களில் பனிக்கட்டியின் வளையங்கள் விழுந்து கிடந்தன. அந்த வளையங்களின் மேல் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் கணக்கிட்ட பிறகு, வால்பகுதியின் அடர்த்தியில் நான் இருப்பதாக நினைத்த இரண்டு அமினோ அமிலங்கள் இல்லாமல் போயின. அதுவரை அவற்றை நம்பிப் படம் கூட வரைந்துவிட்டேன்.

பட்டர்வொர்த் மருந்தாளர் எழுதியது:

படிகவியல் எனக்குத் தெரியாது; மருந்தகப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பயோகிளிட்டசோன் தொடங்கிய நோயாளிகள் ஒரு வாரத்தில் வந்து, சர்க்கரை இறங்கவில்லையே என்று கேட்பதுண்டு. முழுப் பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்று அவர்களுக்குச் சொல்வேன். மேலே உள்ள விளக்கத்தைப் படித்தபோது அந்தத் தாமதம் எனக்கு இன்னும் தெளிவாகிறது. மருந்து கதவைத் தாழிட்ட பின், துணையூக்கி வந்து, மரபணுக்கள் படிக்கப்பட்டு, புதிய புரதங்கள் உருவாகி, கொழுப்புச் செல்களின் போக்கே மாறிய பிறகுதான் சர்க்கரை அளவு இறங்கும்.

கணுக்கால் வீக்கமும் எடை கூடுவதும் இதே ஏற்பியின் வழியாகத்தான் வருகின்றன. சிறுநீரகத்திலும் பிபார் காமா இருப்பதால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. அதனால்தான் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்தைத் தவிர்க்கிறோம். இதே குடும்பத்து டிரோகிளிட்டசோன் கல்லீரல் பாதிப்பால் 2000இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. ரோசிகிளிட்டசோன் விற்பனை இதயப் பாதுகாப்புக் கவலையால் 2010இல் ஐரோப்பாவில் நிறுத்தி வைக்கப்பட்டது. தாழ்ப்பாளை இவ்வளவு இறுக்கிப் போடாமல், டைரோசின் 473ஐத் தொடாமலே குழிக்குள் அமரும் சேர்மங்களை ஆய்வாளர்கள் தேடிவருவதன் நோக்கம், நன்மையை வைத்துக்கொண்டு வீக்கத்தைக் குறைப்பதுதான். தங்கையின் ஆய்வேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். அப்பாவின் கால்களில் வீக்கம் தென்பட்டாலோ மூச்சு வாங்கினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

குளுகோர் மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் கால்களை நேற்றிரவே பார்த்துவிட்டேன், வீக்கம் இல்லை.

ஐயா சொன்னபடி அண்டை மூலக்கூறுகளை வரவழைத்தேன். பி சங்கிலியின் வால், பக்கத்து ஏ சங்கிலியின் பள்ளத்தில், லைசின் 301க்கும் குளூட்டமேட் 471க்கும் நடுவே படுத்திருப்பதைக் கண்டபோது சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 2பிஆர்ஜியை அதன்மேல் பொருத்தினேன். துணையூக்கியின் சுருள் இருக்கும் இடத்திலேயே அண்டையின் வால் இருக்கிறது. எங்கள் குழு எட்டு மாதங்களாக அழித்துக்கொண்டிருந்த சங்கிலியில்தான் விடை இருந்திருக்கிறது.

இப்போது எனக்கு வேறொரு ஐயம். படிகத்தில் ஏ சங்கிலியும் தாங்கப்படுகிறது, பி சங்கிலியும் இழுக்கப்படுகிறது என்றால், செல்லுக்குள் மருந்தும் இல்லாமல் அண்டையும் இல்லாமல் நீந்தும் புரதத்தில் அந்தச் சுருள் எங்கே இருக்கும்?

கோலாலம்பூர் அணுக்காந்த ஆய்வர் எழுதியது:

அந்தக் கேள்விக்குப் படிகம் தனியாக விடை சொல்ல முடியாது. கரைசலில் செய்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். நான் அணுக்காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) முறையில் வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கரைசலில் உள்ள பிபார் காமாவை எங்கள் கருவியில் வைத்தால், அமைதியாக நிற்கும் ஒவ்வோர் அமினோ அமிலமும் தனக்கென ஒரு புள்ளியைத் தரும். மருந்து இல்லாத நிலையில் குழியைச் சுற்றியுள்ள பகுதியிலும் பன்னிரண்டாம் சுருளிலும் பல புள்ளிகள் காணாமல் போகின்றன. அந்தப் பகுதி இரண்டு மூன்று நிலைகளுக்கிடையே, நம் அளவீட்டுக்குத் தொல்லை தரும் வேகத்தில், போய்வந்து கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். ரோசிகிளிட்டசோனைச் சேர்த்ததும் காணாமல் போன புள்ளிகள் திரும்ப வருகின்றன. தாழ்ப்பாள் என்று மேலே சொல்லப்பட்டதை நாங்கள் இப்படித்தான் காண்கிறோம்.

2003இல் வெளியான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. புரதத்தின் வால்நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டி, அது எவ்வளவு தளர்வாகச் சுழல்கிறது என்பதை அளந்தார்கள். மருந்து இல்லாதபோது வால் அதிகமாக அசைந்தது. மருந்து வந்ததும் அசைவு குறைந்தது. கடுமையான இன்சுலின் எதிர்ப்போடு இளம் வயதிலேயே நீரிழிவு வந்த குடும்பங்களில் 1999இல் கண்டறியப்பட்ட இரண்டு மரபணு மாற்றங்களையும் அதே முறையில் சோதித்தார்கள். ஒன்று 467ஆம் இடத்துப் புரோலின் லூசினாக மாறியது. அந்த இடம் பன்னிரண்டாம் சுருளின் வாசலிலேயே இருக்கிறது. மற்றொன்று 290ஆம் இடத்து வேலின் மெத்தியோனினாக மாறியது. இரண்டிலும் வாலின் அசைவு இயல்பைவிடக் கூடியிருந்தது. ஒற்றை அமினோ அமிலம் மாறியதால் ஒரு சுருள் நிலைகொள்ளாமல் போய், அதனால் மனிதர்கள் நோயுற்றதை இவ்வளவு நேராகக் காட்டும் வேறு சான்று இந்த ஏற்பியில் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் ஆய்வேட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே அந்தச் சுருளுக்கு ஒரே முகவரியைத் தேட வேண்டாம். மூடிய நிலையும் அதன் வழக்கமான இருப்பிடங்களுள் ஒன்று. ஏ சங்கிலி பொய் சொல்லவில்லை. வேறு இருப்பிடங்களும் உண்டு. 2020இல் வெளியான ஒரு படிகத்தில், ஏற்பியை அடக்கும் சேர்மமும் மரபணுவை அடக்கி வைக்கும் துணையடக்கிப் புரதத்தின் துண்டும் சேர்ந்திருந்தபோது, பன்னிரண்டாம் சுருள் மூடவும் இல்லை, வெளியே நீளவும் இல்லை. மருந்து அமரும் குழிக்குள்ளேயே மடங்கிப் போயிருந்தது. கதவே அறைக்குள் வந்து படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995இன் இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துத் தரும் அமைப்பை இதற்குப் பதிலாக வைக்கலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அது தருவது பெரும்பாலும் ஒரே நிலை. அதுவும் தரவு வங்கியில் மிகுதியாக உள்ள நிலையை நோக்கியே சாயும். பிபார் காமாவுக்கு வங்கியில் மிகுதியாக இருப்பது மூடிய கதவுதான். மடிப்பின் பெருவடிவத்துக்கு அது மிக நல்ல துணை, வாலின் அசைவுக்கு அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

பாயான் லெப்பாஸ் படிக ஆய்வர் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். மருந்துப் பொருத்தம் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை பாக்கி இருக்கிறது. முழு வீரியமுள்ள மருந்துகளுக்கு ஏ சங்கிலியைப் பயன்படுத்துவது தவறில்லை, ஆனால் மருந்தில்லாத 1பிஆர்ஜியைவிட, மருந்தும் துணையூக்கியும் சேர்ந்த 2பிஆர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பக்கச் சங்கிலிகள் மருந்துக்கு ஏற்பத் திரும்பியிருக்கும். டைரோசினைத் தொடாத சேர்மங்களை ஆராய்வதானால் ஒரே அமைப்போடு நிறுத்தாமல், குறைந்தது மூன்று நான்கு அமைப்புகளில் பொருத்திப் பார்த்து, எந்தச் சங்கிலி, அதன் வாலுக்கு அருகே அண்டை மூலக்கூறு உண்டா என்பதை முறைகள் பகுதியில் ஒரு வரியாக எழுதுங்கள்.

இன்னொன்று. வாலின் அமினோ அமிலங்கள், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்பதையும் பாருங்கள். 1963இல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வகுத்த அந்த வரைபடம்தான் இன்றும் உலகின் எந்தப் புரத அமைப்புக்கும் முதல் சோதனைகளுள் ஒன்று. அடர்த்தி மங்கிய இடத்தில் வலிந்து பொருத்திய அமினோ அமிலம் அநேகமாக அங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குளுகோர் மாணவி எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. அடர்த்தி வரைபடத்தையும் இறக்கிவிட்டேன். திங்கட்கிழமை வாசிப்புக் குழுவில் இரண்டு சங்கிலிகளையும் அண்டையோடு சேர்த்துத் திரையில் காட்டப் போகிறேன். பொருத்தக் கணக்கை 2பிஆர்ஜியில் முதலிலிருந்து ஓட்டத் தொடங்கியிருக்கிறேன், முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.